காலையில் மட்டும் அடித்த ஷாக்: வாடகைக்கு விடும் வீட்டின் வயரிங்கை எப்படிச் சோதிப்பது

மாடி போர்ஷனில் குடியிருந்த பெண் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாவி கொடுக்க வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். எட்டு மாதம் இருந்தாள், ஒரு மாதம்கூட வாடகை தள்ளிப்போனதில்லை. அட்வான்ஸ் கணக்கை முடித்து, காபி குடித்துவிட்டுப் படியிறங்கும்போது திரும்பிச் சொன்னாள்: "ஆன்ட்டி, அந்த பாத்ரூம் குழாயைத் திறக்கிறப்ப மட்டும் செருப்பு போட்டுக்கோங்க. லேசா ஷாக் அடிக்கும். காலையில மட்டும்தான்."

"எத்தனை நாளா?"

"வந்ததுலேர்ந்தே."

"ஏம்மா சொல்லல?"

"லேசாத்தானே ஆன்ட்டி. இதுக்குப் போய் உங்களைத் தொந்தரவு பண்ணணுமான்னு…"

அன்றைக்கே எங்கள் தெரு வயர்மேனைக் கூப்பிட்டேன். குரோம்பேட்டையில் மாமனார் 1986-ல் கட்டிய வீடு எங்களுடையது. முன்பக்கம் நாங்கள், பின்னால் ஒரு போர்ஷன், மாடியில் இரண்டு. வயர்மேன் மாடி கீசரைக் கழற்றிப் பார்த்தார், பழுதே இல்லை. குழாயில் டெஸ்டர் வைத்தார், எரியவில்லை. "நாளைக்குக் காலையில வரேன்க்கா" என்று போய்விட்டார். மறுநாள் ஆறரைக்கு வந்து வைத்தபோது டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. அந்த நேரத்தில் கீழே பின் போர்ஷனில் கீசர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னதும் மாடியில் டெஸ்டர் அணைந்தது.

கீழ் வீட்டு கீசரின் ஹீட்டிங் காயிலில் கசிவு. அது எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போயிருக்க வேண்டும். நாலு போர்ஷனுக்கும் ஒரே எர்த்துதான். அந்த எர்த்துப் பட்டை மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் அறுபட்டிருந்தது. போக வழி இல்லாத கரண்ட், பச்சை வயரைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி, மாடி கீசர் வழியாகக் குழாயில் வந்து நின்றது. உயிரைக் காக்கப் போட்ட வயரே ஷாக்கை ஊர்வலம் கூட்டிப்போயிருக்கிறது.

பட்டையை அறுக்கச் சொன்னது நான்தான். வண்டி நிறுத்தும் இடத்தில் பேவர் கல் பதித்தபோது கொத்தனார் கேட்டார்: "இது என்னம்மா துருப்பிடிச்ச பட்டை, குறுக்க நிக்குது, எடுத்துரவா?" எடுத்துவிடுங்கள் என்றேன்.

அதற்குப் பிறகு ஆறு வருடமாக, வருடம் ஒரு தடவை நாலு போர்ஷனையும் சோதித்து ஒரு நீள நோட்டில் எழுதி வைக்கிறேன். வயரிங் ரிப்போர்ட் எங்கே என்று என்னிடம் இதுவரை எந்த அதிகாரியும் வந்து கேட்டதில்லை. இங்கிலாந்தில் 2020-ல் வந்த விதிப்படி வாடகை வீடு ஒவ்வொன்றையும் குறைந்தது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தகுதியான ஆளைக் கொண்டு சோதித்து, ரிப்போர்ட்டின் நகலைக் குடியிருப்பவர் கையில் கொடுத்தாக வேண்டும். அங்கே வாடகைக்கு இருக்கும் என் தங்கை மகன் அந்த ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பினான். என் நோட்டுக்கு வரைபடம் அதுதான்.

எப்போது பார்ப்பது

வீடு காலியாக இருக்கும் நாலைந்து நாள்தான் தங்கமான நேரம். பெயிண்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் வயர்மேனைக் கூப்பிடுங்கள். அடித்த பெயிண்டின் மேல் சுவரைக் கொத்த யாருக்கும் மனசு வராது, அதனால்தான் பாதி வீடுகளில் பழைய வயர் அப்படியே கிடக்கிறது.

ஆள் இருக்கும் வீடென்றால் ஆவணி, புரட்டாசியில் முடித்துவிடுங்கள். ஐப்பசியில் வடகிழக்கு மழை பிடித்துச் சுவர் ஓதம் காத்த பிறகு பார்த்தால் கோளாறு நிச்சயம் தெரியும், ஆனால் அப்போது வயர்மேன் கிடைக்கமாட்டார். அதுபோக, குடியிருப்பவர் ஏசி, கீசர், இண்டக்ஷன் அடுப்பு என்று பெரிதாக எதையாவது புதிதாக மாட்டினால் அந்த வாரமே ஒரு பார்வை பார்த்துவிடுவேன்.

திடுதிப்பென்று போய்க் கதவைத் தட்டாதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்தில், உள்ளே வருவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. நான் வாட்ஸ்அப்பிலும் போடுவேன், ஒரு துண்டுச் சீட்டும் கொடுப்பேன். சீட்டில் ஒரு வரி சேர்த்து எழுதுவேன்: "எங்கேயாவது லேசாக ஷாக் அடித்தால், லைட் மினுக்கினால், சுவிட்சில் சத்தம் வந்தால் மறக்காமல் சொல்லவும். சரிசெய்யும் செலவு என்னுடையது." அந்தக் கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம். செலவு தன் தலையில் விழுமோ, வாடகையை ஏற்றிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை.

அதே சட்டத்தின் அட்டவணையில் உள், வெளி வயரிங்கும் அதன் பராமரிப்பும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று இருக்கிறது. சுவிட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர் ரிப்பேரெல்லாம் குடியிருப்பவர் பக்கம். சட்டம் அப்படிச் சொன்னாலும் பிரேக்கரை நான் அவர்களிடம் விடுவதில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

யாரைக் கூப்பிடுவது

பல்பு மாட்டுபவர், ஃபேன் மாட்டுபவர் வேறு. வீட்டைச் சோதிப்பவர் வேறு. அரசின் மின் கம்பியாள் தேர்வு எழுதிச் சான்று வாங்கியவரா என்று தயங்காமல் கேளுங்கள். போனிலேயே இன்னொரு கேள்வி: "தம்பி, உங்ககிட்ட மெக்கர் இருக்கா?" வயரின் மேல்தோல் கரண்ட்டைக் கசியவிடுகிறதா என்று அளக்கும் கருவி அது. இருக்கிறது என்றால் பேச்சைத் தொடரலாம். "எதுக்கு மேடம் மெக்கர், டெஸ்டர் போதும்" என்பவரை நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். மெக்கர், டாங் டெஸ்டர் (வயரைக் கழற்றாமலே கரண்ட்டை அளக்கும் இடுக்கி), மல்ட்டிமீட்டர், எர்த் டெஸ்டர் என்று நாலு சாமானும் உள்ளவர் ஒரு போர்ஷனுக்கு அரை நாள் எடுத்துக்கொள்வார். அவசரப்படுத்தாமல் கூடவே இருந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் வருவதற்கு முன் நீங்கள் பார்ப்பது

இதற்கு எந்தச் சாமானும் வேண்டாம். எதையும் கழற்றவும் வேண்டாம். கண், மூக்கு, காது போதும்.

ஒவ்வொரு சாக்கெட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பின் நுழையும் ஓட்டையைச் சுற்றி மஞ்சளோ பழுப்போ பாய்ந்திருந்தால் உள்ளே ஸ்குரூ தளர்ந்து சூடாகிக்கொண்டிருக்கிறது. அழுகின மீன் போலவோ ரப்பர் எரிந்தது போலவோ வாடை வரும். எங்கள் பின் போர்ஷன் அடுப்படியில் இதை இரண்டு வருடம் நான் வெறும் எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்திருந்தேன்.

பிறகு சாமான்களை எண்ணுங்கள். 6 ஆம்பியர் சாக்கெட் என்பது 230 வோல்ட்டில் 1,380 வாட் வரைக்கும்தான். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மிக்ஸியோடும் ரைஸ் குக்கரோடும் சேர்த்து மாட்டியிருந்தால் திட்டாதீர்கள். அடுப்படியில் ஒரே ஒரு பவர் பிளக் வைத்துக் கட்டியது நாம்தான். 1986-ல் அடுப்படிக்கு ஒரு லைட், ஒரு மிக்ஸி பாயிண்ட் போதும் என்று மாமனார் நினைத்தார். இப்போது அங்கே ஆறு சாமான் நிற்கிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எங்கெல்லாம் நிரந்தரமாகக் கிடக்கிறதோ அங்கெல்லாம் ஒரு புது பாயிண்ட் தேவை என்று நோட்டில் குறித்துக்கொள்வேன்.

மீட்டர் பெட்டியையும் பாருங்கள். அந்த போர்ஷனில் எல்லா சாமானையும் பிளக்கிலிருந்து பிடுங்கி, எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் மீட்டரில் பல்ஸ் விளக்கு தொடர்ந்து மின்னிக்கொண்டே இருந்தால், ஒன்று கசிவு, இல்லையென்றால் பக்கத்து போர்ஷன் லைன் ஏதோ இதில் கலந்திருக்கிறது. பல எலக்ட்ரானிக் மீட்டர்களில் இ.எல். என்று போட்டு ஒரு சின்ன சிவப்பு விளக்கு இருக்கும். போன கரண்ட்டும் திரும்பிய கரண்ட்டும் ஒத்துப்போகாவிட்டால் அது எரியும். கரண்ட் பில் ஏன் இவ்வளவு என்று சண்டை போடும் குடித்தனக்காரருக்கும் ஹவுஸ் ஓனருக்கும் நடுவில் அந்தச் சிவப்பு விளக்கு பேசாமல் எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மீட்டர் சீலை மட்டும் தொடாதீர்கள். மீட்டர் வரைக்கும் மின்வாரியத்தின் சொத்து. அதற்கு இந்தப் பக்கம்தான் நம்முடையது.

பிரேக்கரும் வயரும் ஜோடிப் பொருத்தம்

போர்டில் இருக்கும் பிரேக்கரைத்தான் எம்சிபி என்கிறார்கள். அது வயரைக் காப்பாற்ற இருக்கிறது. வயர் தாங்கும் அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் அது விழ வேண்டும். லைட், ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்) வயர், 6 அல்லது 10 ஆம்பியர் எம்சிபி. பவர் பிளக்குக்கு 2.5 ஸ்கொயர், 16 ஆம்பியர். ஏசி, கீசருக்குத் தனித்தனி லைன், 4 ஸ்கொயர், 20 ஆம்பியர். எங்கள் வயர்மேன் இந்தக் கணக்கில்தான் போடுகிறார்.

மாடி முன் போர்ஷனில் இருந்த தம்பி ஒன்றரை டன் ஏசி மாட்டினார். இருந்த பெட்ரூம் பவர் பிளக்கிலேயே. அதே லைனில் அயர்ன் பாக்ஸும் போட்டால் 16 ஆம்பியர் எம்சிபி விழுந்துகொண்டே இருந்தது. அடிக்கடி விழுகிறதே என்று அவரே கடையில் போய் 32 வாங்கிவந்து, யாரையோ வைத்து மாற்றிவிட்டார். அதன் பிறகு விழவே இல்லை. எப்படி விழும்? சுவருக்குள் இருந்தது 1986-ல் போட்ட மெல்லிசு வயர். அடுத்த ஆவணியில் நாங்கள் அந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தபோது வயரின் மேல்தோல் பொரித்த அப்பளம்போல விரல் பட்டதும் நொறுங்கியது. பிரேக்கரை அவர்களிடம் விடமாட்டேன் என்றது இதனால்தான்.

எனவே போர்டைத் திறந்ததும் முதல் வேலை, ஒவ்வொரு எம்சிபியின் நம்பரையும் அதிலிருந்து கிளம்பும் வயரின் தடிமனையும் சேர்த்து எழுதுவது. போன வருடம் 16 என்று எழுதியது இந்த வருடம் 25 ஆக இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். எம்சிபி அடிக்கடி விழுந்தால் பெரிய நம்பராக மாற்றக்கூடாது, லைனைப் பிரிக்க வேண்டும்.

இன்னும் பீங்கான் ஃப்யூஸ் கேரியர் இருக்கும் வீடுகளில் கேரியரைப் பிடுங்கி உள்ளே என்ன கம்பி என்று பாருங்கள். ஃப்யூஸ் வயருக்குப் பதிலாகக் கொத்தனார் கட்டுக்கம்பி, செம்புப் பிரியை முறுக்கிப் போட்டது எல்லாம் கண்டிருக்கிறேன். அலுமினிய வயர் தட்டுப்பட்டால் அந்த லைனை முழுக்க மாற்றிவிடுங்கள். அது முனையில் நசுங்கி நசுங்கித் தளர்ந்துபோகும், எத்தனை தடவை முடுக்கினாலும் நிற்காது.

எர்த்து

மூன்று ஓட்டை சாக்கெட் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பல வீடுகளில் மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. கரண்ட் வரும் வயர் ஃபேஸ், திரும்பிப் போகும் வயர் நியூட்ரல். சிலர் இன்னும் மோசமாக நியூட்ரலையே சாக்கெட்டுக்குள் எர்த்தோடு கட்டிவிடுவார்கள். அங்கே நியூட்ரல் எங்காவது கழன்றால் ஃப்ரிட்ஜின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து உட்கார்ந்துவிடும்.

வயர்மேன் மல்ட்டிமீட்டரில் மூன்று அளவு எடுப்பார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 அக்கம்பக்கம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட். கடைசி அளவு இருபது முப்பது என்று ஏறினால் நியூட்ரலோ எர்த்தோ சரியில்லை. ஆனால் மல்ட்டிமீட்டரை மட்டும் நம்பக்கூடாது. அறுந்து தொங்கும் எர்த்திலும் அது பொய்யாக நூறு வோல்ட் காட்டும். அதனால் பழைய ஆட்கள் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பைக் கொடுத்து, முழு வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பார்கள். இதைத் தயவுசெய்து நீங்களாகச் செய்யாதீர்கள். எங்கள் வீட்டைப்போல எர்த் அறுந்திருந்தால், அந்தப் பல்பு வழியாகவே எல்லா போர்ஷனிலும் இருக்கும் கீசர், ஃப்ரிட்ஜ், கிரைண்டர் உடம்பில் கரண்ட் ஏறும். யாராவது ஈரக்கையோடு நின்றிருப்பார்கள். எர்த் டெஸ்டர் வைத்து அளப்பதே முறை.

எர்த்துக் குழி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. சுவரோரமாக ஒரு சிமெண்ட் தொட்டி, அதில் குழாயின் தலை, அதிலிருந்து மீட்டர் போர்டுக்கு ஒரு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையோ கம்பியோ. இந்த மூன்றையும் கண்ணால் பாருங்கள், போல்ட் துருவேறி இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்குப் புதிதாக இரண்டரை மீட்டர் குழாய் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கி, இரண்டு நாள் தண்ணீர் விட்ட பிறகு அளந்தார்கள். 3 ஓம் வந்தது. 5-க்குள் இருந்தால் வயர்மேன் தலையாட்டிவிடுவார். கோடையில் மண் காய்ந்தால் இந்த எண் ஏறும், அதனால் சித்திரை வைகாசியில் வாரம் இரண்டு குடம் ஊற்றுகிறேன்.

ஆர்சிசிபி

இவ்வளவு நல்ல எர்த் இருந்தாலும் அது மட்டும் போதாது. வயர்மேன் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கு இது. எர்த்து 5 ஓம், 230 வோல்ட். ஃபேஸ் வயர் நேராக கீசர் உடம்பைத் தொட்டாலே 46 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு உடனே விழாது, பல வினாடிகள்கூட எடுத்துக்கொள்ளும். அதுவரை அந்த கீசரில் கரண்ட் நிற்கும். ஒரு ஆள் உடம்பு வழியாக ஓடும் கரண்ட்டை எம்சிபி கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகிக்கொள்ளும். 6 ஆம்பியர் என்பது 6,000 மில்லி ஆம்பியர்.

அதற்குத்தான் ஆர்சிசிபி. போகிற கரண்ட்டும் வருகிற கரண்ட்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் மொத்தத்தையும் அணைத்துவிடும். இப்போது புது இணைப்புக்கு வாரியமே இதைக் கேட்கிறது. பழைய வீட்டுக்காரர்கள் நாமாகத்தான் போட வேண்டும். கடையில் 30 மில்லி ஆம்பியர் என்று அழுத்திக் கேளுங்கள். 100, 300 என்றும் வரும், அவை தீ விபத்துக்கு, ஆளைக் காப்பாற்ற அல்ல. நான் வாங்கியபோது ஒன்று சுமார் இரண்டாயிரம் ரூபாய் ஆயிற்று. ஆர்சிசிபி போட்டால் எம்சிபி வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓவர்லோடை இது பார்க்காது.

நாலு போர்ஷனுக்கும் நாலு வாங்கி மாட்டினோம். பகலெல்லாம் நன்றாக இருந்தது. சாயங்காலம் மாடிப்படி லைட்டைப் போட்டதும் என் வீட்டில் டக்கென்று போயிற்று, மாடியிலும் போயிற்று. திரும்ப ஏற்றினோம். லைட்டைப் போட்டால் மறுபடி போயிற்று. மாடியில் குடியிருந்தவர் கைலியோடு இறங்கிவந்து, "இதுக்கு அந்தப் பழைய மெயினே தேவலை மேடம்" என்றார்.

வயர்மேன் இரண்டு மணி நேரம் தேடினார். மாடிப்படி லைட்டுக்கு ஃபேஸ் என் மீட்டரிலிருந்து போகிறது, நியூட்ரல் மாடி போர்ஷன் போர்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு யாருக்கோ பத்தடி வயர் மிச்சம். 9 வாட் எல்இடி பல்பு எடுப்பது 40 மில்லி ஆம்பியருக்கு மேல். என் பெட்டியிலிருந்து போனது என் பெட்டிக்குத் திரும்பவில்லை, மாடிப் பெட்டிக்குக் கணக்கில் இல்லாத கரண்ட் வந்தது. இரண்டுமே கோபித்துக்கொண்டு விழுந்தன. முப்பத்து சொச்சம் வருடம் யாருக்கும் தெரியாமல் கிடந்த குளறுபடியை அந்தப் பெட்டி ஒரே சாயங்காலத்தில் காட்டிக்கொடுத்துவிட்டது. போர்ஷன் போர்ஷனாகப் பிரித்துக் கட்டிய வீடுகளில் இந்தக் கடன்வாங்கிய நியூட்ரல் அநேகமாக இருக்கும். "ஆர்சிசிபி நிக்க மாட்டேங்குது, எடுத்துரலாம்" என்று வயர்மேன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நியூட்ரலைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

ஆர்சிசிபியில் டெஸ்ட் பட்டன் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அழுத்தினால் விழ வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டியதுதான். வாடகை வாங்கும் ஐந்தாம் தேதி நாலு வீட்டிலும் அழுத்தச் சொல்லிவிடுகிறேன், டிவி சீரியல் நேரம் பார்க்காமல்.

மெக்கர்

மெயினை அணைத்து, பல்பு, ஃபேன் ரெகுலேட்டர், எல்லாப் பிளக்கும் கழற்றிய பிறகு, வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் 500 வோல்ட் கொடுத்துப் பார்ப்பது. 1 மெகா ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். புது வயரிங்கில் இது நூற்றுக்கணக்கில் இருக்கும். என் பின் போர்ஷன் பாத்ரூம் லைனில் 0.3 வந்தது, ஓதம் காத்த சுவருக்குள் வயர் போகும் பைப் முழுக்கத் தண்ணீர். எல்இடி பல்பைக் கழற்றாமல் மெக்கர் போட்டு நாலு பல்பைக் காவுகொடுத்தது தனிக்கதை.

வீட்டுக்கு வெளியே

கொடிக்கம்பியை முதலில் பாருங்கள். துணி காயப்போட ஜிஐ கம்பியை ஜன்னல் கிரிலிலிருந்து மொட்டைமாடிக் கம்பத்துக்கு இழுத்துக் கட்டியிருப்பார்கள், அதன் மேல் உரசிக்கொண்டு சர்வீஸ் வயரோ, மோட்டார் வயரோ, கூரை லைட் வயரோ போகும். மழையில் வயரின் தோல் கிழிந்தால் ஈரத்துணியை எடுக்கக் கை வைப்பவர் கதி? நம் ஊரில் மழைக்கால சாவுச் செய்திகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. நாலு போர்ஷனிலும் கம்பியை அறுத்துவிட்டு நைலான் கயிறு வாங்கிக் கட்டிக்கொடுத்தேன். இந்த மொத்தப் பட்டியலிலும் மிக மலிவான வேலை அதுதான்.

சம்ப் மோட்டாரின் கேபிள் ஜாயிண்ட் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும், டேப் சுற்றி விட்டிருக்கக்கூடாது. சம்ப் கழுவ ஆள் இறங்கும் முன் மோட்டார் எம்சிபியை அணைத்துவிட்டு, யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

இன்வெர்ட்டர் உள்ள போர்ஷனில் மெயினை அணைத்தாலும் லைட் லைன் உயிரோடுதான் இருக்கும். வயர்மேனிடம் சொல்லிவிடுங்கள். போர்டின் மேலும் எழுதி ஒட்டுங்கள்.

நோட்டு

போர்டின் படத்தைக் கையாலேயே வரைந்து, ஒவ்வொரு எம்சிபிக்கும் எதிரில் தமிழில் எழுதியிருக்கிறேன்: "பெட்ரூம் லைட்", "அடுப்படி பிளக்", "கீசர்". அதன் ஜெராக்ஸ் ஒன்று போர்டு கதவின் உட்பக்கம். அதற்குக் கீழே சிவப்பு மையில்: யாருக்காவது ஷாக் அடித்துக்கொண்டிருந்தால் ஆளைத் தொடாதே, முதலில் மெயினை அணை, பிறகு 108. வெளியே கம்பி அறுந்து கிடந்தால் பக்கத்தில் போகாதே, மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987.

தேதி, வயர்மேன் பெயர், மெக்கர் அளவு, எர்த் அளவு, எம்சிபி நம்பர்கள், கண்ட குறை, சரிசெய்த நாள் எல்லாம் நோட்டில். புதிதாகக் குடிவருபவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி, டெஸ்ட் பட்டனை அவர் கையாலேயே அழுத்தச் சொல்வேன்.

போன மார்கழியில் மாடிக்கு ஒரு குடும்பம் வந்தது. மூன்றாம் நாள் விடிகாலை ஐந்தரைக்கு அந்த வீட்டுப் பாட்டி வந்து கதவைத் தட்டினார். "ஏம்மா, உங்க வீட்டுல கிரைண்டர் போட்டா கரண்ட் நிக்குது. போன வீட்டுல நாலு வருஷம் இதே கிரைண்டர்ல ஆட்டினேன். லேசா அடிக்கும், அவ்வளவுதான். ஒரு நாளும் கரண்ட் போனதில்ல."

மோட்டாரின் வைண்டிங் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கட்டிக்கொடுக்க மூன்று நாள் ஆகும் என்றார் கடைக்காரர். அந்த மூன்று நாளும் பாட்டி என் அடுப்படியில்தான் இட்லிக்கு மாவு ஆட்டினார்.